மின் ரம்பமும் வீட்டு வேப்பமரமும்

மே மாதக் கடைசியில் நாகபுரியில் அடிக்கும் புழுதிக் காற்றைப் பற்றி இங்கேயே இருக்கும் நம்மவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 45 டிகிரி வெயிலில் காய்ந்து நின்ற மரங்கள், மழைக்கு முன்னால் வரும் அரை மணி நேரக் காற்றில் கிளையை ஒடித்துப் போட்டுவிடும். இதில் குல்மொஹருக்குத்தான் முதலிடம். பூவைப் பார்த்து மயங்கி அதை வாசலில் வைத்தவர்கள், அதன் கிளை எவ்வளவு எளிதில் முறியும் என்பதை ஸ்கூட்டர் மேல் விழுந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். முன்பெல்லாம் கோடாலியும் கயிறுமாகத் தெருவில் குரல் கொடுத்தபடி ஆள் வருவார். அரை நாளில் வெட்டி, விறகையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது அப்படி ஆள் வருவதில்லை. வந்தாலும், இரண்டு மூன்று தடவை கொடுக்கும் கூலியில் ஒரு மின் ரம்பமே வாங்கிவிடலாம் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். புனேயிலோ பெங்களூரிலோ இருந்தபடி மகன் ஆர்டர் செய்துவிடுகிறான். இங்கே அறுபத்தெட்டு வயது அப்பாவின் கையில் அட்டைப்பெட்டி வந்து சேருகிறது.

அப்படி வந்த பெட்டிகளை நம் சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில், பி.வே. என்போமே, அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புயலில் தண்டவாளத்தின் மேல் விழுந்த மரங்களை அகற்றுவதும், பாலங்களுக்கான சால் மரக் கட்டைகளை அளவாக அறுக்க வைப்பதும் எங்கள் பிழைப்பில் ஒரு பகுதி. அதனால் கேட்கிறார்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், இது ஷாக் அடிக்குமா?"

அடிக்கலாம். ஆனால் அது இரண்டாவது பயம். முதல் பயம் ரம்பத்தின் மூக்கைப் பற்றி இருக்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சின்ன எழுத்துப் புத்தகத்தில் படம் போட்டு எச்சரித்திருந்தாலும் அதைப் பிரிப்பவர் குறைவு. ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூக்கைப் பற்றியதுதான்.

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம். மோட்டார், அதிலிருந்து நீளும் ஒரு இரும்புத் தகடு, தகட்டின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் ஓடும் ஒரு சங்கிலி. இவ்வளவுதான். தகட்டைக் கடைக்காரர்கள் 'பார்' என்பார்கள். சைக்கிள் செயின் போலத்தான் இதுவும், ஆனால் கண்ணிகளில் பல் வைத்திருக்கிறது. பல்லின் வடிவத்துக்கு ஒரு கதை உண்டு. பழைய நாளில் சங்கிலி ரம்பத்தின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போல நேராக நின்று மரத்தைச் சுரண்டின; அடிக்கடி மழுங்கின. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946ஆம் ஆண்டு ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்று மரத்தைக் குடைந்து செல்வதைக் கவனித்தார். அதன் தாடைகள் வளைந்திருந்தன. இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கிக்கொண்டே முன்னேறியது. அதையே இரும்பில் செய்து 1947இல் ஒரு நிறுவனமே தொடங்கிவிட்டார். இன்று நம் கையில் உள்ள சங்கிலியைப் பாருங்கள்: ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று வளைந்து நிற்கும். புழுவிடம் கற்ற பாடம் அது. மின்சாரத்தில் ஓடும் ரம்பமோ அதற்கும் மூத்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் செய்த மின் ரம்பம் 64 கிலோ எடை. இரண்டு பேர் தூக்க வேண்டும். இன்று 4, 5 கிலோவில் கிடைக்கிறது. எடை குறைந்தது நல்லதுதான். கூடவே நம் பயமும் குறைந்துவிட்டதுதான் சங்கடம்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் மரத்தைக் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் கட்டுப்படுத்துகிறது. நேரான இடத்தில் ஓடும்போது மேடு முன்னால் மரத்தைத் தொட்டுக்கொண்டே போகும். பல் பின்னால் மெல்லிய சீவலாக எடுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததாக வரும் விஷயத்துக்கு இது வேண்டும்.

படம் போட இடமில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டதால் உங்கள் கையையே படமாக்கிக்கொள்ளுங்கள். வலது கையை முன்னால் நீட்டி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி உள்ளங்கையை நிமிர்த்துங்கள். முழங்கை இருக்கும் இடம் மோட்டார். விரல் நுனிகள் ரம்பத்தின் மூக்கு. சங்கிலி கையின் மேல் விளிம்பில் உங்களை விட்டு முன்னோக்கி ஓடுகிறது. விரல் நுனியில் கீழே திரும்புகிறது. சுண்டுவிரல் பக்கமாக உங்களை நோக்கித் திரும்பி வருகிறது. கீழ் விளிம்பால் அறுத்தால் சங்கிலி கட்டையைத் தன் பக்கம் இழுக்கும். அதாவது ரம்பம் கட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நல்லது. மேல் விளிம்பால் அறுத்தால் ரம்பம் உங்களைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு வரும். காலை ஊன்றி, தயாராக இருந்தால் சமாளிக்கலாம்.

ஆனால் மூக்கின் மேல் பாதி எதன் மேலாவது பட்டால்? அந்த இடத்தில் சங்கிலி வளைந்து திரும்புவதால் மேட்டுக்கும் பல்லுக்கும் உள்ள கணக்கு மாறிப்போகிறது. பல் தேவைக்கு மேல் ஆழமாகக் கடித்து மாட்டிக்கொள்கிறது. சங்கிலி நின்றுவிடுகிறது. ஆனால் மோட்டாரின் விசை நிற்கவில்லை. அது எங்கேயாவது போயாக வேண்டுமே. தகடு முழுவதும் மேலும் பின்னுமாக ஒரு வில் போட்டு, ரம்பம் பிடித்திருப்பவரின் முகத்தையும் தோளையும் நோக்கி எழும்புகிறது. துப்பாக்கி உதைப்பது போல என்பார்கள். இதை 'கிக்பேக்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நான் 'உதை' என்று எழுதுகிறேன். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். மனிதன் பார்த்து, புரிந்து, கையை அசைக்க அதைவிட அதிக நேரம் ஆகும். "நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்" என்பதற்கு அங்கே இடமே இல்லை. உதை வந்த பிறகு தடுக்க முடியாது. வராதபடி நிற்கவும் பிடிக்கவும்தான் முடியும்.

மின் ரம்பம் சின்னது, சத்தம் குறைவு, பெட்ரோல் ரம்பம் போல உறுமாது. ஆகவே சாது என்று நினைக்கிறார்கள். சங்கிலி விநாடிக்கு 12 மீட்டர், 15 மீட்டர் ஓடுகிறது. 16 அங்குலத் தகடு என்றால் சங்கிலியின் மொத்த நீளமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு விநாடியில் 300க்கு மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன. மேலும், ஒயர் இணைத்து ஓடும் ரம்பங்கள் பலவற்றில் இருப்பது சீரீஸ் மோட்டார் வகை. நம் பழைய மின்சார இன்ஜின்களில் இருந்ததும் அதே குடும்பம்தான். நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுப்பது அதன் குணம். ஒரு சரக்கு ரயிலை நகர்த்த அது வரப்பிரசாதம். வேட்டி நுனி மாட்டிக்கொண்டால் அதே குணம்தான் ஆபத்து. ஆம், வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் கூடாது. பேன்ட், மூடிய ஷூ, கண்ணாடி, காதுக்குப் பஞ்சாவது அடைப்பு. இதைச் சொன்னால் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைப்புறத்துக்குப் போக ஷூ எதற்கு என்கிறார்கள். சிரிக்கட்டும்.

உதையிலிருந்து காக்க இயந்திரத்திலேயே ஒரு ஏற்பாடு உண்டு. முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு நிற்கும். கையைக் காப்பதற்கு மட்டுமே அது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல ரம்பத்தில் அதுவே செயின் பிரேக்கின் நெம்புகோல். ரம்பம் எழும்பும்போது உங்கள் இடது மணிக்கட்டு அதில் இடித்து, அது முன்னால் சாய்ந்து, சங்கிலி கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றுவிடும். வாங்கும்போது இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்: தடுப்பு முன்னும் பின்னும் 'டக்' என்று அசைகிறதா, முன்னால் தள்ளிய நிலையில் விசையை அழுத்தினால் சங்கிலி ஓடாமல் இருக்கிறதா. அசையாத வெறும் பிளாஸ்டிக் தடுப்பு என்றால் அந்த ரம்பம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நான் இதில் பிடிவாதக்காரன். வாட்ஸ் அதிகம், தகடு நீளம் என்றெல்லாம் விளம்பரம் செய்வார்கள். வீட்டு வேலைக்கு 14 அல்லது 16 அங்குலமே தாராளம்.

பிரேக் வேலை செய்ய வேண்டுமானால் இடது கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். முன்கைப்பிடியை நான்கு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம் என்று வளைத்துப் பிடியுங்கள். கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டு பிடித்தால் உதையில் கை வழுக்கும். இடது முழங்கை மடங்காமல் இருக்கட்டும். உடம்பு தகட்டின் நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் விலகி நிற்கட்டும். அப்படியே எழும்பினாலும் தோளுக்கு வலப்பக்கமாகப் போகும். இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் இதே பிடியைத்தான் பிடிக்க வேண்டும். இயந்திரம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. கட்டையில் வைப்பதற்கு முன்பே சங்கிலி முழு வேகத்தில் ஓட வேண்டும். மோட்டார்ப் பக்கம் உள்ள முள் தகட்டைக் கட்டையில் பதித்து அறுத்தால் ரம்பம் நிலையாக இருக்கும். பக்கத்தில் வேறு கட்டை, கல், மதில் எதுவும் மூக்குக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. அறுக்கும் கட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அதற்கு அப்பால் கிடக்கும் கட்டையில் மூக்கு போய் இடிக்கும். பெரும்பாலான உதைகள் இப்படித்தான் வருகின்றன.

இதே காரணத்துக்காகத்தான் ஏணியில் ஏறி அறுக்காதீர்கள் என்கிறேன். தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்கினால் மூக்குதான் கிளையை முதலில் தொடும், பிடி தளர்ந்திருக்கும், கால் ஊன்ற இடமில்லை. வெட்டிய கிளை விழும்போது ஏணியையும் தட்டிவிட்டுப் போகும். மேலே உள்ள சின்னக் கிளைகளுக்கு நீளக் கழியில் கட்டிய அரிவாளோ கைரம்பமோ போதும். பெரிய கிளை என்றால் அது தொழில் தெரிந்தவர் வேலை. என் கருத்தில், வீட்டில் இருப்பவருக்கு இந்த ரம்பம் தரையில் கிடக்கிற மரத்துக்காக மட்டுமே. அதுவும் இடுப்புக்குக் கீழே, இரண்டு காலும் மண்ணில்.

தரையில் கிடக்கிற மரமும் சும்மா கிடப்பதில்லை என்பதை இனிச் சொல்ல வேண்டும். பாலத்து கர்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் தூண் மேல், நடுவில் பாரம். கர்டரின் மேல் பக்கம் நெரிபடுகிறது. கீழ்ப் பக்கம் இழுபடுகிறது. டிப்ளமா முதல் வருடப் பாடம் இது. இரண்டு செங்கல் அடுக்கின் மேல் கிடக்கும் வேப்பங்கட்டையும் அப்படித்தான். மேலிருந்து மட்டுமே அறுத்துக்கொண்டு போனால், நெரிபடும் பக்கம் மூடிக்கொண்டு தகட்டைக் கவ்விவிடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்துங்கள். பிறகு கீழிருந்து மேலாக அறுங்கள். வெட்டு தானே திறந்துகொள்ளும். கீழிருந்து அறுக்கும்போது தகட்டின் மேல் விளிம்பு வேலை செய்வதால் ரம்பம் உங்களைத் தள்ளும், முன்பே சொன்னபடி.

ஒரு முனை மதில் மேல் சிக்கி, மறு முனை அந்தரத்தில் தொங்கினால் கணக்குத் தலைகீழ். அப்போது மேல் பக்கம் இழுபடுகிறது, கீழ்ப் பக்கம் நெரிபடுகிறது. முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. கீழே வெட்டாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் பாதியில் கிளை பிளந்து, பட்டையை நாராக உரித்துக்கொண்டு, எதிர்பாராத பக்கம் சுழன்று விழும். ஆக, ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரே கேள்வி: இந்தக் கட்டையை எது தாங்குகிறது? எங்கள் கேங்மேன்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் இருந்தார். விழுந்த மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, காலால் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, எங்கே முதல் வெட்டு என்று சுண்ணாம்பால் கோடு போடுவார். அவர் கோடு போட்ட இடத்தில் ரம்பம் மாட்டி நான் பார்த்ததில்லை. பென்டிங் மொமென்ட் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதும் இல்லை.

முழு மரம் சாய்ந்து கிடந்தால் அதைத் தாங்கி நிற்பதே கீழ்ப்பக்கக் கிளைகள்தான். அவற்றை முதலில் வெட்டினால் மரம் உருளும். மேல் பக்கக் கிளைகளை மட்டும் எடுங்கள். உங்களுக்கும் ரம்பத்துக்கும் நடுவில் அடிமரம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். வில் போல வளைந்து அழுந்திக் கிடக்கும் இளங்கிளையைத் தொடாதீர்கள். அறுபட்ட நொடியில் அது சாட்டை போல நிமிரும்.

இன்னொன்று. நம் வீட்டு வேப்பமரங்களில் ஆணி இல்லாத மரம் எது? துணிக்கொடி கட்ட ஒரு கம்பி, நேம் போர்டுக்கு இரண்டு ஆணி, தீபாவளிக்கு சீரியல் விளக்கு மாட்ட நாலு. இருபது வருடத்தில் மரம் அவற்றை விழுங்கிவிடும். பட்டையில் கருத்த தழும்போ புடைப்போ இருந்தால் அந்த இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளி அறுங்கள். பழைய கதவு நிலை, லக்கட்கஞ்சில் வாங்கிய பழைய சட்டம் இவற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. மண் ஒட்டிய கட்டையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட்டு அறுத்தால் சங்கிலி நீண்ட நாள் வரும். கடைசி வெட்டில் சங்கிலி தரையைத் தொட்டால், ஒரே விநாடியில் எல்லாப் பல்லும் மழுங்கிப் போகும்.

இனி ஷாக். ரம்பத்தின் பட்டியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது என்று பொருள். இரண்டு முள் பிளக்தான் வரும். எர்த் விட்டுப்போயிற்றே என்று கலங்க வேண்டாம். 2000 வாட்ஸ் ரம்பம் சுமார் 9 ஆம்பியர் எடுக்கும். ஆகவே சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகாமல், கீஸருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பாயின்டிலிருந்து எடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில்தான் நம்மவர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள். டேபிள் ஃபேனுக்குப் போடும் 0.75 சதுர மி.மீ. ஒயரை 30 மீட்டர் இழுத்தால், போகவர 60 மீட்டர் செம்பில் சுமார் 14 வோல்ட் வழியிலேயே போய்விடும். கோடைச் சாயங்காலத்தில் நமக்கு வருகிற வோல்டேஜில் இது வேறு. மோட்டார் இளைக்கும், சங்கிலி மெதுவாகும், ஆள் ரம்பத்தை அழுத்துவார், கரண்ட் இன்னும் ஏறும், ஒயர் சூடாகும். 2.5 சதுர மி.மீ. என்றால் இழப்பு 4, 5 வோல்ட்தான். சுருளாக வைத்துக்கொண்டு ஓட்டாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கும். ஒயர் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம், வலது தோளுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அந்த ஒயரைத் தாங்களே அறுத்துக்கொள்வதுதான் சாதாரணமாக நடப்பது. அப்போது காப்பாற்றுவது போர்டில் உள்ள எம்.சி.பி. அல்ல, அது ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பழைய வீடுகளில் இது இருக்காது; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், ரம்பம் வாங்காவிட்டாலும். மழையிலும் ஈரப் புல்லிலும் ஒயர் ரம்பம் ஓட்டக் கூடாது. கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, கம்பிக்கு அருகில் இருந்தாலோ அது நம் வேலையே இல்லை. மஹாவிதரணுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். பவர் பிளாக் வாங்கி, எர்த் போட்டு, எழுத்தில் கையில் வந்த பிறகே அதன் அருகில் உள்ள மரத்தைத் தொடுவோம். வண்டிகள் வரிசையாக நின்றாலும், மேலதிகாரி போனில் கத்தினாலும் அப்படித்தான்.

பாட்டரியில் ஓடும் சின்ன ரம்பங்கள், 4 அங்குலம், 6 அங்குலம் என்று, இப்போது காய்கறிக் கத்தி போல விற்கின்றன. ஒற்றைக் கையால் பிடிப்பதாகவே செய்திருக்கிறார்கள். அங்கேதான் விபத்து. வலது கையில் ரம்பம், இடது கையில் கிளை. கிளை அறுந்ததும் ரம்பம் தன் வேகத்தில் இடது கைக்கு வருகிறது. கிளையைக் கையால் பிடிக்காமல் ஏதாவது ஒன்றில் இறுக்கி வையுங்கள். மூக்கு உதைப்பது இதிலும் உண்டு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிக்கொள்ளும் ஒரு தகடும் சங்கிலியும் தனியாகக் கிடைக்கிறது. விலை மிகக் குறைவு. கிரைண்டரின் சுவிட்ச் பெரும்பாலும் தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் வகை. கையை விட்டாலும் நிற்காது. செயின் பிரேக் இல்லை. பின்கைப்பிடி இல்லை. எங்கள் காலனியில் ஒரு தச்சுப் பையன் இதில் தொடையைக் கிழித்துக்கொண்டான். பிழைத்தான், ஆனால் இன்றும் படி ஏறக் கைப்பிடிச் சுவரைத் தேடுகிறான். நண்பர்கள் யாரிடமாவது இது இருந்தால் தகட்டையும் சங்கிலியையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ரம்பக் காயம் கத்திக் காயம் போல அல்ல. சதையைக் கீறாது; விரல் அகலத்துக்குப் பிய்த்து எடுத்துவிடும், எண்ணெயும் மரத்தூளும் உள்ளே போகும். ஆகவே தனியாக இருக்கும்போது ரம்பத்தை எடுக்காதீர்கள். வீட்டில் யாராவது இருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் வந்து கட்டையைப் பிடிக்கக் கூடாது, மூன்று மீட்டராவது தள்ளி நிற்கட்டும். காயம் பட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, இறுக அழுத்தியபடியே இருக்க வேண்டும். ரத்தம் நின்றதா என்று அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. 108க்கு போன் செய்யத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் போதும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்; விபத்தில் பதறாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கிலியில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், அல்லது பாட்டரியைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தகட்டின் நடுவில் சங்கிலியை மேலே இழுத்துப் பாருங்கள்: சிறிது எழும்ப வேண்டும், ஆனால் அதன் வால் பள்ளத்தை விட்டு முழுக்க வெளியே வரக் கூடாது. புதுச் சங்கிலி முதல் அரை மணியில் நீளும். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால், ஆறிய பின் சுருங்கித் தகட்டை நெரிக்கும். எண்ணெய் இல்லாமல் ஓட்டக் கூடாது. மூக்கை ஒரு பழைய செய்தித்தாளுக்கு மேலே, தொடாமல், பிடித்து ஓட்டினால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். ஸ்கூட்டரில் வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும்.

பல் கூராக இருந்தால் ரம்பம் சீவலாகத் துப்பும். மாவாகத் துப்பினால் மழுங்கிவிட்டது என்று அறிக. மழுங்கிய ரம்பத்தை அழுத்தித்தான் அறுக்க வேண்டும், அழுத்துகிறவர் சறுக்குவார். இந்த ரம்பங்களில் பரவலாக வரும் சங்கிலிக்கு 4 மி.மீ. உருண்டை அரம், பல்லில் குறித்திருக்கும் சாய்வில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். நான் மூன்று இழுப்பு. முன்னால் உள்ள மேட்டைத் தொடாதீர்கள். அதைக் குறைத்தால் ரம்பம் வேகமாக அறுக்கும் என்று யாராவது சொல்வார்கள். வேகமாகத்தான் அறுக்கும், வேகமாகத்தான் உதைக்கும்.

புதுச் சங்கிலி வாங்க இத்வாரி பக்கம் போனால் "16 அங்குலத்துக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்காதீர்கள்; பொருந்தாததைத் தலையில் கட்டிவிடுவார்கள். மூன்று எண் வேண்டும்: கண்ணி இடைவெளி, பள்ளத்தில் இறங்கும் வாலின் கனம், வால்களின் எண்ணிக்கை. முதல் இரண்டும் தகட்டிலேயே பொறித்திருக்கும், மூன்றாவதை எண்ணிக்கொள்ளுங்கள். பழைய சங்கிலியையே கையில் எடுத்துப் போவது இன்னும் சுலபம்.

நிற்கிற மரத்தை அடியோடு வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டு மரம், நம் மண் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் நகரப் பகுதி மரங்களுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, அனுமதியில்லாமல் வெட்டினால் குற்றம். டில்லியில் உள்ள நம் உறவினர்களுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் மாநகராட்சியின் தோட்டப் பிரிவுக்கு மனு எழுதுங்கள். மராத்தியில் எழுத வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், எழுதித் தரலாம். ரம்பம் வாங்கியவர்கள் கொண்டுவந்து காட்டினால் பிரேக்கையும் சங்கிலியையும் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது தகட்டுக்கு உறை போட்டுக் கொண்டுவாருங்கள்.